போத்தனூரில் திறந்த கதவு

கைதியை ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்கு இட்டுச் செல்லும் கடமைக்குக் காவல்துறையார் வழங்கும் பெயர் 'வழிக்காவல்' என்பது. அதில் வரும் காவல் கைதி தப்பாமற் காப்பது மட்டுமா, அவனுடைய பிராணனைக் காப்பதும் அதில் அடங்குமா என்னும் கேள்வி, 1921-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்து நள்ளிரவில் போத்தனூர் இரயில் நிலையத்தில் ஒரு வண்டியின் கதவு திறக்கப்பட்டபோது பிணங்களோடு வெளிப்பட்டது.

மலபார்க் கிளர்ச்சியில் பிடிபட்ட ஏறத்தாழ நூறு பேரை, பெரும்பாலோர் மாப்பிள்ளைமார் எனப்படும் முஸ்லிம்கள், சிலர் ஹிந்துக்கள், திரூரில் மூடிய வண்டி ஒன்றில் நெருக்கி ஏற்றி, கதவைச் சாத்தி, மாலை இரயிலில் கோத்து அனுப்பினார்கள். திறந்த வண்டியானால் தப்பிவிடுவர், வழியில் ஆதரவாளர் கூடிவிடுவர் என்பதே அதிகாரிகளின் சிந்தையை நிறைத்திருந்தது. முன்னரும் இவ்விதமே கைதிகளைக் கொண்டுபோய்ப் பழகியிருந்தமையால், காற்றுத் துவாரங்களின் கம்பிவலை வர்ணமும் தூசியும் ஏறி அடைபட்டிருந்ததை ஒருவரும் விரலால் தடவிப் பார்க்கவில்லை. வழி நிலையங்களில் உள்ளிருந்து கூக்குரல் எழுந்தும் கதவு திறக்கப்படவில்லை. சுவரில் ஆணி கழன்ற சிறு ஓட்டையில் முறைவைத்து மூக்கைப் பொருத்தி மூச்சு வாங்கியதாகப் பிழைத்தோர் கூறினர். சுண்டுவிரல் நுழையாத அந்த ஓட்டையை நினைக்கும்போதெல்லாம் என் நெஞ்சு அடைத்துக்கொள்கிறது. அறுபது பேருக்கும் மேலாக மாண்டனர். சடலங்கள் திரூருக்கே திரும்பி வந்தன. நாப் என்பவரின் தலைமையில் அரசாங்கம் ஒரு குழுவை அமைத்து விசாரித்தது.

அந்த இருப்புப்பாதை தொட்டுச் செல்லும் பாலக்காட்டுச் சீமையில் 1915-இல் பிறந்து, தாமே சில நாள் சிறைவாசம் அனுபவித்து, 1957-இல் கேரளத்தின் சிறைத்துறைக்கு அமைச்சராகவும் இருந்த வி. ஆர். கிருஷ்ணய்யர், உச்ச நீதிமன்ற நீதிபதியாக இருந்த காலத்தில், திகார்ச் சிறையிலிருந்த விசாரணைக் கைதி ஒருவர், நீதிமன்றத்துக்குக் கொண்டுசெல்லும்போது தமக்கு விலங்கிடுவதாகத் தந்தி மூலம் முறையிட்டார். அந்தஸ்துள்ளவனுக்கு விலங்கில்லை, சாமானியனுக்கு உண்டு என்றிருந்த விதியை 1980-இல் அம்முறையீட்டின் மேல் கிருஷ்ணய்யர் எழுதிய தீர்ப்பு தள்ளியது. தப்பியோடுவான் என்பதற்குத் தெளிவான ஆதாரம் இருந்து விலங்கிட்டே தீரவேண்டுமானால், வழிக்காவலுக்குப் பொறுப்பானவர் அதன் காரணத்தை அப்பொழுதே எழுதிவைக்க வேண்டும். கைதி எவர்முன் நிறுத்தப்படுகிறாரோ அந்த நீதிபதியிடம் அதைக் காட்டி ஒப்புதலும் பெற வேண்டும் என்று விதித்தது.