கின்னரர் குடியிருப்பு

பதினெண் கணங்களை வகுப்பிலே விளக்கிக்கொண்டிருந்தேன். தேவர், அசுரர், கந்தருவர் என்று சொல்லிக்கொண்டுபோய்க் கின்னரர், கிம்புருடர் என்ற இடத்துக்கு வந்தேன். குதிரைத் தலையும் மனித உடலும் உடையவர் ஒரு சாரார். மனிதத் தலையும் குதிரை உடலும் உடையவர் இன்னொரு சாரார். இமயச் சாரலில் வாழ்பவர்கள், இசையில் வல்லவர்கள் என்று நூல்கள் கூறுவதைக் கூறினேன். பின்வாங்கிலிருந்து ஒரு கை உயர்ந்தது.

"சேர், அவையள் என்ன சாப்பிடுவினம்?"

வகுப்புச் சிரித்தது; நானும் சிரித்தேன். பின்னேரம் பஸ் களனி ஆற்றுப் பாலத்தைக் கடந்து பேலியகொடைக்குள் இறங்கும்வரையும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அது பகிடிக் கேள்வியன்று. ஒரு சமூகத்தைப் பற்றி அறிய விரும்புபவன் முதலிற் கேட்கவேண்டிய கேள்வியே அது.

கணக்குப் பார்ப்போம். வளர்ந்த குதிரையொன்றின் நிறை ஏறத்தாழ 500 கிலோகிராம். அந்த உடலைக் காப்பதற்கு ஏழெட்டு மனிதருக்கான உணவுச் சக்தி வேண்டும். குதிரை நாளொன்றுக்கு 10 முதல் 16 மணித்தியாலம் வரை புல் மேய்ந்தே அதனைத் தேடிக்கொள்கிறது. நமது சிறிய வாயும் சிறிய பல்லும் கொண்ட ஒருவர் புல்லை மென்று அவ்வளவு பெரிய உடலை வளர்க்க முடியாது. எனவே பாதிக் குதிரையான மனிதர் தானியத்தை விளைவித்து, குற்றி, சமைத்துத்தான் உண்ண வேண்டும். காட்டிலே கட்டின்றித் திரிபவர்கள் என்று கதைகள் கூறினாலும், அவர்களின் வயிறு அவர்களை உழவராக்கிவிடும். நாளொன்றுக்கு 25 முதல் 50 லீற்றர் வரை தண்ணீரும் தேவைப்படுமாகையால், குளக்கரையையும் ஆற்றங்கரையையும் விட்டு அவர்கள் தூரம் போகமாட்டார்கள்.

குழந்தையின் கதை இன்னும் சிக்கலானது. பெண் குதிரை 11 மாதம் சுமந்து ஈனும் குட்டி ஒன்றிரண்டு மணித்தியாலத்தில் எழுந்து நிற்கும். மனிதக் குழந்தை தளர்நடை போட ஓராண்டு செல்லும். உரோமப் புலவரான லுக்ரீசியஸ், கிறிஸ்துவுக்கு முற்பட்ட முதலாம் நூற்றாண்டிலேயே, 'பொருள்களின் இயல்பு' பற்றிய தமது நூலின் ஐந்தாம் பகுதியில் இதனை எடுத்துக்காட்டி வாதாடினார். மூன்று வயதிற் குதிரை முழு வலிமை பெறுகிறது. அதே வயதிற் பிள்ளை இன்னும் தாய்ப்பாலை மறக்கவில்லை. இரண்டும் ஓருடலில் எப்படிப் பொருந்தும்? ஆகவே அத்தகைய உயிர் இருந்திருக்க முடியாது என்பது அவர் முடிவு.

அவர் முடித்த இடத்திலிருந்து நாம் கற்பனையைத் தொடங்கலாம். கால்கள் ஓடத் துடிக்கும். அறிவோ மழலையாகவே இருக்கும். அத்தகைய பிள்ளைகளை வளர்க்க ஒரு தாய் போதாள். ஊரே கூடி நின்று காவல் காக்க வேண்டும். கால் முறிந்தாற் பெரும்பாலும் உயிர் போகும் உடல் அது. ஆதலால் மருத்துவர்க்கும் மருத்துவிச்சிக்கும் அங்கே முதன்மரியாதை கிடைக்கும். வீடுகளுக்குப் படி இராது; மரம் ஏறுவதோ கிணற்றில் இறங்குவதோ இயலாது. எவ்வளவு தூரம் நடந்தாலும் இரு கைகளும் ஓய்ந்திருக்கும். ஓய்ந்த கைகள் ஒரு வாத்தியத்தைத் தேடுவது இயல்பே. கின்னரரை இசைவாணர் என்று நம் முன்னோர் கூறியதும், கிரேக்கர் தம் கதையில் வரும் கைரோன் என்ற குதிரையுடல் முனிவனை மருத்துவத்தின் குருவாகவும் அக்கிலீசின் ஆசானாகவும் வைத்ததும் வெறும் அலங்காரமன்று என்றே தோன்றுகிறது.

இனி நம் தீவுக்கு வருவோம். குதிரை இம்மண்ணின் விலங்கன்று, கப்பலில் வந்தது. காவிரிப்பூம்பட்டினத்தில் கடல்வழியாகக் குதிரைகள் வந்திறங்கியதைப் பட்டினப்பாலை கூறுகிறது. அநுராதபுரத்தை 22 ஆண்டுகள் ஆண்ட சேனன், குத்திகன் என்ற இரு தமிழர்கள் குதிரை கொண்டுவந்த கப்பல் வணிகனின் மைந்தர் என்றும், நீதியுடன் ஆண்டனர் என்றும் மகாவம்சமே குறிப்பிடுகின்றது. வந்த குதிரைகள் இந்த வெப்பத்தில் எளிதில் வாழவில்லை. பாண்டிநாட்டு அரசர் ஆண்டுதோறும் 2,000க்கு மேற்பட்ட குதிரைகளை வாங்கியும், பேணத் தெரிந்தவர் இன்மையால் ஆண்டிறுதியில் 100கூட எஞ்சுவதில்லை என்று 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் அக்கரைக்கு வந்த மார்க்கோ போலோ எழுதினார். நெடுந்தீவிலே ஐரோப்பியர் காலத்துக் குதிரைகளின் வழித்தோன்றல்கள் இன்றும் கட்டாக்காலியாகத் திரிகின்றன. உருவத்திற் சிறியவை, கோடையிலே தண்ணீருக்குத் தவிப்பவை. இத்தீவில் ஒரு கின்னரர் குடியிருப்பு இருந்திருக்குமானால் அவர்களும் நெடுந்தீவுக் குதிரைபோல் உருவஞ் சிறுத்து, ஒரு குளத்தைச் சுற்றி, தானியத்தை அளந்து உண்டு வாழ்ந்திருப்பர் எனலாம்.

அப்படியானால், இவர்களைப் பற்றிய கதைகளில் உழவும் குழந்தை வளர்ப்பும் ஏன் வருவதில்லை? அந்தக் கதைகள் தூரத்தில் நின்று பார்த்தவர்கள் சொன்னவை. கி.மு. நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்தவராகக் கருதப்படும் பலேபாதஸ் என்ற கிரேக்கர் இதனை விளக்கினார். குதிரையேற்றம் பழகிய தெசலி நாட்டு இளைஞர்கள் குதிரைமீது சென்று காளைகளை வேட்டையாடினார்கள். அதுவரை குதிரையிற் சவாரி செய்வோரைக் காணாதவர்கள் தொலைவிலிருந்து பார்த்து, ஆளும் குதிரையும் ஓருடல் என்று மயங்கினார்கள் என்பது அவர் கருத்து. அருகே போயிருந்தால் அண்டை ஊர்க்காரன் என்று தெரிந்திருக்கும்.

தூரத்தில் நின்றவனின் கதையில் இன்னொன்றும் நிகழும். ஏதென்சின் பார்த்தினன் கோவிற் சிற்பங்களில் ஒரு கலியாண வீடு காட்டப்பட்டுள்ளது. லபித் என்ற மனிதக் குலத்தாரின் திருமணத்துக்கு அழைக்கப்பட்ட குதிரையுடலர் குடிவெறியிற் பெண்களைப் பற்றி இழுக்கிறார்கள். மனிதர் அவர்களை அடித்து வீழ்த்துகிறார்கள். அரைமனிதர் கலியாணத்தைக் குழப்பினர் என்பது கதை.

இதற்கு நேர்மாறான கலியாண வீடொன்று நமது மகாவம்சத்தில் இருக்கிறது. சிரீசவத்து என்ற இயக்கர் நகரில் ஏழு நாள் திருமண விழா. ஆடலும் பாடலுமாக ஊர் கூடியிருந்த வேளையில், குவேனி வழிகாட்ட, விஜயன் புகுந்து இயக்கரைக் கொல்கிறான். இங்கே கலியாணத்தைக் குழப்பியவன் மனிதன். வென்றவன் பக்கத்தில் நின்று எழுதப்பட்ட நூலாயினும், அதிலே சிறு சிறு உண்மைகள் தப்பி விழுந்திருக்கின்றன. விஜயனின் ஆள் முதன்முதலாகக் கண்டபோது குவேனி என்ன செய்துகொண்டிருந்தாள்? ஒரு மரத்தடியில் அமர்ந்து நூல் நூற்றுக்கொண்டிருந்தாள். நூல் நூற்பவர், ஏழு நாள் கலியாணம் செய்பவர், அரசனும் நகரும் உடையவர் எப்படிப் பேய்க்கணம் ஆவர்?

நான் குடியிருக்கும் பேலியகொடையிலிருந்து களனி விகாரை தொலைவில் இல்லை. 1875இல் வித்தியாலங்காரப் பிரிவெனா தொடங்கப்பட்டுப் பாளி நூல்கள் வழிவழியாகக் கற்பிக்கப்பட்ட ஊர் இது. அந்தப் பாளி மகாவம்சத்தில் களனியின் அரசன் மணியக்கிகன் என்ற நாகன். நாகதீபத்தில் மகோதரனும் அவன் மருமகன் சூளோதரனும் ஒரு மணி ஆசனத்துக்காகப் போரிட்டபோது, மகோதரனின் தாய்மாமனாகிய இவன் களனியிலிருந்து போருக்குப் போயிருந்தான். பாம்புடல் என்று சொல்லப்பட்டவர்களிடம் தாய்மாமன் உறவு இருக்கிறது. சீதனச் சண்டைபோல ஓர் ஆசனச் சண்டை இருக்கிறது. சண்டையென்றால் மாமன் வந்து நிற்கும் கடமையும் இருக்கிறது. யாழ்ப்பாணத்துத் தீவொன்றுக்கும் களனிக் கரைக்கும் இடையில் ஓடிய உறவல்லவா அது!

கின்னரர்க்கு மிக அண்மையில் வருபவள் சேதியா என்ற இயக்கி. அவள் தூமரக்க மலையடியில் ஒரு குளத்தருகே வெள்ளை உடலும் சிவந்த கால்களும் கொண்ட பெண் குதிரை வடிவில் உலாவினாள் என்கிறது மகாவம்சம். பண்டுகாபயன் கயிற்றோடு துரத்துகிறான். அவள் குளத்தைச் சுற்றி ஓடி, மகாகங்கையிற் பாய்ந்து, மலையைச் சுற்றி வந்து, கடைசியிற் பிடிபடுகிறாள். கொன்றுவிடாதே, நாட்டை வென்று தருகிறேன் என்று மன்றாடுகிறாள். அவன் வாள்முனையால் அவளின் நாசியைத் துளைத்துக் கயிறு கோக்கிறான். பின்னர் அவள்மீது ஏறிப் போரும் செய்கிறான். அரசனான பிறகு, குதிரைமுக இயக்கிக்கு அரண்மனை எல்லைக்குள்ளேயே இடங்கொடுத்து ஆண்டுதோறும் பலியும் அளித்தான் என்று அதே நூல் கூறுகிறது. நாசியைத் துளைத்த கைதான் வீட்டையும் கொடுத்தது. தோற்ற குடிகளைத் தன் ஆட்சிக்குள் ஓர் அரசன் சேர்த்துக்கொண்ட விதத்தை இதைவிட வெளிப்படையாக எந்த வரலாற்றாசிரியர் எழுதுவார்? ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். அவளுக்கு இடங்கொடுக்கும்போது முகத்தை மாற்றிக்கொள் என்று அவன் கேட்கவில்லை.

தமிழர் மரபிலும் ஒரு குதிரைமுகத்தாள் உண்டு. ஒல்லாந்தர் காலத்தில் மயில்வாகனப் புலவர் எழுதிய யாழ்ப்பாண வைபவமாலை, சோழ அரசகுமாரி மாருதப்புரவீகவல்லி குன்மநோயும் குதிரைமுகமும் கொண்டு கீரிமலைக்கு வந்து தீர்த்தமாடி, நோயும் முகமும் நீங்கப்பெற்றதைச் சொல்கிறது. குதிரைமுகம் விட்ட ஊர் மாவிட்டபுரமாயிற்று. அங்கே அவள் கந்தனுக்குக் கோவில் எடுத்தாள். கேட்க இனிய கதை. ஆயினும் பண்டுகாபயன் கேட்காததை இக்கதை கேட்கிறது: முகம் மாறினாற்றான் அவளுக்கு வாழ்வு.

அந்த மாவிட்டபுரத்தின் கோவில் வாசலில், 1968ஆம் ஆண்டு, குதிரைமுகம் எதுவும் இல்லாத மனிதர் நின்றார்கள். உள்ளே சென்று கும்பிட வேண்டும் என்பதே அவர்கள் கோரிக்கை. சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம் 1957இலேயே வந்திருந்தும் வாசல் மறிக்கப்பட்டது. ஆலயப் பிரவேசப் போராட்டம் என்று வரலாற்றிற் பதிந்த நிகழ்ச்சி அது. தீர்த்தத்திற் கழுவி நீக்க அவர்கள் முகத்தில் எதுவும் இருக்கவில்லை. குறை, வாசலை மறித்தவர்களின் பார்வையில் இருந்தது.

இது தமிழருக்கு மட்டும் உரிய பழியன்று. 'கின்னர' என்ற சொல்லைக் 'கிம்', 'நர' என்று பிரித்து, "இது என்ன மனிதன்?" என்று பொருள் கூறுவர். கண்டி இராச்சியத்திற் கின்னர என்ற பெயரிலேயே ஒரு குடி இருந்தது. வானுலக இசைவாணரின் பெயரும் இவர்களின் பெயரும் ஒலியில் ஒன்று, வாழ்க்கையோ வேறு. 1660 முதல் 1679 வரை அங்கே சிறையிருந்த றொபேட் நொக்ஸ், 1681இல் வெளிவந்த நூலில் இவர்களைப் பற்றி எழுதினார். சிறந்த பாய் பின்னுவது தொழில். தலையில் எதுவும் அணிய உரிமையில்லை. தும்பறைப் பாய் என்று இன்று நாம் பெருமையுடன் சுவரில் மாட்டும் கைவினை அவர்கள் வழிவந்தது. நார் உரித்து, சாயமேற்றி, தறியில் யானையும் பறவையும் நெய்த விரல்கள் அவை. அந்த விரல்களைப் பார்த்த பிறகும் ஒரு சமூகம், "இது என்ன மனிதன்?" என்று கேட்டிருக்கிறது.

கின்னரர் குடியிருப்பைத் தேடிப் புறப்பட்ட நான் இமயத்துக்குப் போக வேண்டியிருக்கவில்லை. அவர்களுடைய நாளாந்த வாழ்வை நினைக்கத் தொடங்கியதும் அவர்கள் நமக்கு அயலவராகிவிடுகிறார்கள். என்ன சமைப்பார்கள், குழந்தையை யார் பார்ப்பார்கள், மாமன் எப்போது வருவார் என்று கேட்கிற ஒருவனுக்கு எந்த உடலும் அரைமனிதமாகத் தெரியாது. அடுப்பையும் தொட்டிலையும் பற்றி எழுதாமல் கொம்பையும் குளம்பையும் மட்டும் எழுதிய இடங்களில், எழுதியவன் அந்த வீட்டு வாசற்படி மிதிக்கவில்லை என்று அறிந்துகொள்ளலாம்.

மறுநாள் வகுப்பில் அந்தப் பையனிடம் சொன்னேன்: "தம்பி, கணக்குப் பார்த்தன். அவையளும் சோறுதான் சாப்பிட்டிருக்க வேணும். எங்களைப்போல."

அவன் சற்று யோசித்தான்.

"அப்ப ஏன் சேர், அவையளைத் தனிக் கணமாய் வைச்சவை?"

இந்தத் தடவை வகுப்புச் சிரிக்கவில்லை.