மதராஸில் பறவை வரைந்த எலிசபெத்

ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டின் மேற்புறம் தேங்கி நிற்கும் தாமிரபரணியில் காலைவேளைகளில் கொக்குகளும் நாரைகளும் வந்திறங்கும். பாஸ்டல் வண்ணக்கோல்களுடன் அங்கே உட்கார்ந்து ஒரு சாம்பல் நாரையை வரைய முயன்றேன். கழுத்தின் வளைவைத் தாளில் இழுப்பதற்குள் அது பறந்துவிட்டது. நினைவிலிருந்து முடித்த படத்தில் இறகுகள் இருந்தன, பறவை இல்லை. அந்தத் தோல்விக்குப் பிறகே எலிசபெத் குவில்லிமின் அருமை எனக்கு விளங்கியது.

1801இல் மதராஸ் உச்ச நீதிமன்றத்துக்கு நீதிபதியாக வந்த ஹென்றி குவில்லிமின் மனைவி அவர். தங்கை மேரி சைமண்ட்ஸும் உடன் வந்தார், அவரும் ஓவியரே. எலிசபெத் தெலுங்கு கற்றார். தமிழ் அகராதி தொகுத்த ராட்லர் பாதிரியாரிடம் தாவரவியல் பயின்றார். பறவை பிடிப்போர் கொண்டுவந்த பறவைகளை நீர்வண்ணத்தில், பெரும்பாலும் அவற்றின் இயல்பான அளவிலேயே தீட்டினார்.

அக்காலத்துப் பறவைப் படங்கள் பலவும் பாடம்செய்த தோலைப் பார்த்து வரையப்பட்டவை. உயிர் போனதும் கண்ணின் நிறமும் அலகின் நிறமும் மங்கிவிடும்; நிற்கும் தோரணையை ஓவியர் ஊகிக்க வேண்டியதுதான். எலிசபெத்தின் பறவைகளில் அந்த விறைப்பு இல்லை. இறகுகளின் அடுக்கு, கால்களின் செதில், பார்வை எல்லாம் கூர்ந்து நோக்கிய கண்ணைக் காட்டுகின்றன. பறவைகளை இயல்பான அளவில் வரைந்து உலகப் புகழ் பெற்ற ஆடுபானின் தொகுதி 1827இல்தான் வெளிவரத் தொடங்கியது. எலிசபெத்தோ 1807 டிசம்பரில் மதராஸிலேயே இறந்துவிட்டார்.

நூலாக அச்சேறாததால் அவர் பெயரும் மறைந்தது. 1924இல் கேஸி வுட் என்ற மருத்துவர் லண்டனில் ஒரு வணிகரிடம் 121 பறவை ஓவியங்களைக் கண்டெடுத்தார். இன்று அவை கனடாவின் மெக்கில் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கின்றன. உறவினர்களுக்குச் சகோதரியர் எழுதிய கடிதங்கள் பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளன.

ஒரு நூற்றாண்டு கழித்தாவது எலிசபெத்துக்குப் பெயர் திரும்பக் கிடைத்தது. எந்தக் குளத்தில் எந்தப் பறவை எப்போது இறங்கும் என்று அறிந்து, அதை அவர் வாசலுக்குக் கொண்டுவந்து சேர்த்த மனிதர்களை யார் கண்டெடுப்பது? அந்த 121 ஓவியங்களில் அவர்களுடைய கண்ணும் இருக்கிறது.