தணற்றலையும் உழைப்பாளியின் கையும்: லான்ஸ் புல்டோக் உழவு இயந்திரம் பற்றிய ஒரு குறிப்பு

உற்பத்திக் கருவியே சமூக உறவுகளை நிர்ணயிக்கின்றது என்னும் கூற்றினை நம்மிற் சிலர் வாய்ப்பாடு போல ஒப்புவிப்பதுண்டு. 1847இல் வெளிவந்த ‘தத்துவத்தின் வறுமை’யில் மார்க்ஸ் கைத்திரிகையையும் நீராவி ஆலையையும் இருவேறு சமூக அமைப்புகளோடு இணைத்துப் பேசியமை இதற்கு ஆதாரமாகக் காட்டப்படும். கருவியைக் கண்டதும் சமூகத்தைக் கணித்துவிடலாம் என நம்புவோருக்கு, ஜேர்மனியின் லான்ஸ் புல்டோக் வரலாறு சங்கடம் தருவதாகும்.

1859இல் மான்ஹைம் நகரில் ஹைன்ரிக் லான்ஸ் தொடங்கிய நிறுவனம், சூடடிக்கும் பொறிகளாலும் நகரும் நீராவி இயந்திரங்களாலும் பெருகியது. அங்கு பணியாற்றிய பிரிட்ஸ் ஹூபர் என்னும் பொறியியலாளர் ஆக்கிய 12 பரிவலு கொண்ட புல்டோக், 1921இல் லைப்சிக் வேளாண் கண்காட்சியில் வைக்கப்பட்டது. போரில் தோற்று, நல்ல எரிபொருளுக்கு வழியற்றிருந்த நாட்டின் குழந்தை அது. கிடையாகப் படுத்த ஒரேயொரு உருளை, ஈரடிச் சுழற்சி, வால்வுகள் இல்லை. மசகெண்ணெய்க் கழிவாயினும் பண்படுத்தாத எண்ணெயாயினும் எரித்துக்கொள்ளும். நுணுகிப் பேசின் இது முழு டீசல் அன்று. அரை டீசல் என்பதே பொருந்தும். அமுக்கத்தின் வெப்பம் மட்டும் எண்ணெயைப் பற்றவைக்கப் போதாமையால், உருளையின் முகப்பிலுள்ள ‘தணற்றலை’ செஞ்சூடாக இருத்தல் வேண்டும்.

இதனைத் தொடக்குவது ஒரு சடங்கினை ஒத்தது. முதலில் ஊதுவிளக்கினை ஏற்றித் தணற்றலையின் கீழ் வைக்கவேண்டும். அது மங்கிய சிவப்பு நிறங் கொள்ளும்வரை பல நிமிடங்கள் காத்திருத்தல் தவிர்க்கவியலாதது. அவ்வேளையில் மசகெண்ணெய்ப் பம்பியின் கைப்பிடியைச் சுழற்றி உராயும் பாகங்களுக்கு எண்ணெய் ஊட்டுவர். 1926க்குப் பின் வந்த, 10.3 லீற்றர் கொள்ளளவுடைய பெரிய புல்டோக்குகளில், ஸ்டியரிங் சில்லினை அதன் தண்டோடு கழற்றிப் பக்கவாட்டிலுள்ள பறப்புச் சில்லின் நடுவிற் செருகவேண்டும். கையால் எரிபொருளைச் சிறிது பாய்ச்சி, சில்லினை முன்னும் பின்னுமாக ஊஞ்சல் போல ஆட்டி, அமுக்கத்தில் மோதவிடுவர். பற்றிக்கொண்ட கணத்தில் ஸ்டியரிங்கை வெளியே இழுத்துவிடாதவன் கைமுறிவுக்கு ஆளாகலாம். ஈரடி இயந்திரமாதலின் அது தலைகீழாகவும் சுழலத் தயங்காது. தொடக்ககாலப் புல்டோக்கிற் பின்செல்லும் பற்சில்லே இல்லை. வேகத்தைக் குறைத்து, நின்றுவிடும் தறுவாயில் மறுதிசைக்குத் திருப்புவதே வழி. நெடுநேரம் சுமையின்றி ஓடினால் தணற்றலை குளிர்ந்து இயந்திரம் அணைந்துவிடும். ஆதலின் ஓட்டுநரின் செவி ஓய்வதில்லை.

இவ்வறிவு எந்த வரைபடத்திலும் முழுமையாக இல்லை. ஓட்டுநரின் தோளிலும் செவியிலும் இருந்தது. இயந்திரம் உழைப்பாளியின் திறனைப் பறிக்கின்றது என்னும் பொது முடிபு ஆலைக்குப் பொருந்தலாம். வயலிலே குதிரையோட்டியின் பழைய திறன் அழிந்த இடத்தில் வேறொரு திறன் முளைத்தமையை நாம் கவனிக்கத் தவறிவிட்டோம். எனினும் அத்திறன் உடையவன் இயந்திரத்திற்கு உடைமையாளன் ஆகிவிடவில்லை. சிறு விவசாயிக்கு எட்டாத விலை அது. பெருநிலக்காரருக்கும் சூடடிப்புக் குத்தகைக்காரருக்குமே கைகூடியது.

இரண்டாம் உலகப் போரின் பின்னர் இதே இயந்திரம் எல்லை கடந்தது. வார்சோவுக்கு அருகிலுள்ள உர்சுஸ் தொழிற்சாலை, லான்ஸ் இயந்திரமொன்றைப் பிரித்து அளந்து, 1947 முதல் ‘உர்சுஸ் சி-45’ என்னும் பெயரில் அதனை ஆக்கியது. சிதைந்துபோன நாட்டில், எளிய வார்ப்பும் மட்டமான எரிபொருளும் போதிய பொறி வேறெது? ஆர்ஜென்ரீனாவில் பெரோன் ஆட்சியின் அரச தொழிற்சாலை, 1950களில் கோர்டோபாவில் ‘பம்பா’ என்ற பெயரில் இன்னொரு பிரதியை வெளியிட்டது. தாயகத்திலோ 1956இல் அமெரிக்காவின் ஜோன் டியர் லான்ஸ் நிறுவனத்தின் பெரும்பங்கினை வாங்கியது; புல்டோக் விரைவில் ஓய்ந்தது.

ஒரே தணற்றலை மூன்று அரசியல்களுக்கு உழுதது. பொறியின் அமைப்பு ஏறத்தாழ மாறவில்லை. அதனைச் சூழ்ந்த உடைமை உறவே மாறியது, அல்லது மாறியதாகச் சொல்லப்பட்டது. ‘சொல்லப்பட்டது’ என நாம் எழுதுவது காரணமின்றியன்று. புல்டோக் பிரதியைக் கைவிட்ட உர்சுஸ், 1974இல் மேற்கத்திய மசி பெர்குசன் நிறுவனத்தின் உரிமத்தைப் பெற்றது. 1976 யூன் 25ஆந் திகதி, உணவு விலையேற்றத்தை எதிர்த்து அதே ஆலைத் தொழிலாளர் வேலையை நிறுத்தி, அருகேயோடிய தண்டவாளங்களில் இறங்கிப் புகைவண்டிகளை மறித்தனர். அன்றிரவே விலையேற்றம் திரும்பப் பெறப்பட்டது. மறித்தவர்களுட் பலர் அடிக்கப்பட்டனர், வேலை நீக்கப்பட்டனர், சிலர் தொழிலாளர் பெயரால் ஆண்ட அரசின் சிறைக்குச் சென்றனர்.