பானை ஸ்பீக்கரின் கதை

திண்டிவனத்திலிருந்து புதுச்சேரி போகும் சாலையில் உள்ளது கிளியனூர். இது போன்ற தமிழகச் சிற்றூர்களின் டீக்கடைகளிலும் சலூன்களிலும் டேப் ரெக்கார்டர் காலத்தில் ஒரு காட்சி சர்வ சாதாரணம். சுவர் மூலையில் உறி கட்டித் தொங்கும் ஒரு மண்பானை, அதன் வாயில் பொருத்திய ஸ்பீக்கர்! தண்ணீர் ஊற்றி வைக்க வேண்டிய பானைக்கு இங்கே என்ன வேலை?

1976-ல் 'அன்னக்கிளி' வந்தது. அடுத்து வந்த ஆண்டுகளில் இளையராஜாவின் பாடல்களில் பேஸ் கிடார் தனியாகப் பேச ஆரம்பித்தது. ஆனால் சின்ன டேப் ரெக்கார்டரில் அது மட்டும் காதில் விழாது. தனி ஸ்பீக்கர் வாங்கி வெறுமனே மேசையில் வைத்தாலும் பயனில்லை. காரணம் எளிது. ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு முன்னால் காற்றைத் தள்ளும்போதே பின்னால் காற்றை இழுக்கிறது. 50 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறக்குறைய 7 மீட்டர். அவ்வளவு நீண்ட அலை ஓரத்தைச் சுற்றி வந்து, முன்பக்க ஒலியைப் பின்பக்க ஒலி விழுங்கிவிடும்.

1925-ல் அமெரிக்காவில் இன்றைய ஸ்பீக்கரின் முன்னோடியை உருவாக்கிய ரைஸ், கெல்லாக் இருவரும் இதை அறிந்திருந்தார்கள். ஓட்டை போட்ட பலகையில் ஸ்பீக்கரைப் பொருத்தி இரு பக்க ஒலிகளையும் பிரித்தார்கள். பின்பக்க ஒலியை வீணாக்காமல் பெட்டியில் ஒரு துளை வழியே வெளியே விட்டுப் பயன்படுத்தும் வழிக்கு 1930-ல் பெல் ஆய்வகத்தின் துராஸ் காப்புரிமை கேட்டார். 1954-ல் வில்ச்சர் நேர்மாறாகப் போனார். பெட்டியை முழுக்க மூடி, உள்ளே அடைபட்ட காற்றையே ஸ்பிரிங்காக ஆக்கினார்.

மூடிய பானையும் வில்ச்சர் பெட்டியின் ஏழைச் சொந்தக்காரன்தான். அடைபட்ட குழிவு தாழ் ஒலியை என்ன செய்யும் என்பது கடம் வாசிப்பவருக்குப் புதிதல்ல. கடத்தின் வாயை வயிற்றில் அழுத்தியும் விலக்கியும் அவர் நாதத்தை மாற்றுகிறார் அல்லவா?

சரி, மூலை எதற்கு? திறந்த வெளியில் ஒலி எல்லாத் திசையிலும் சிதறும். அருகில் ஒரு பரப்பு இருந்தால் ஸ்பீக்கர் வெளியிடும் தாழ் ஒலியின் ஆற்றல் இரு மடங்காகும். இரண்டு பரப்புக்கு நான்கு, இரு சுவரும் கூரையும் கூடும் மூலையில் எட்டு மடங்கு வரை! அமெரிக்காவின் கிளிப்ஷ் 1940-களில் மூலையில் வைப்பதற்கென்றே ஸ்பீக்கர் செய்தார். 1974-ல் ராய் அலிசன் இதன் மறுபக்கத்தையும் அளந்து காட்டினார். சுவர் சற்றுத் தள்ளியிருந்தால் லாபம் நஷ்டமாகிவிடும். உதாரணமாக 85 செ.மீ. தள்ளியுள்ள சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி, 100 ஹெர்ட்ஸ் அருகே நேர் ஒலியோடு மோதி அதைக் குறைக்கும். சுவரை ஒட்டித் தொங்கவிட்டால் அந்தத் தொல்லை பாட்டின் பேஸ் பகுதிக்கு வராது.

பானையிலும் குறை உண்டு. பானை சிறிதானால் உள்ளே காற்றுச் ஸ்பிரிங் விறைப்பாகி, ஆழ்ந்த பேஸ் குறையும். அதற்குப் பதில் ஒரே சுருதியில் "கும் கும்" என்று இடிக்கும். பெரிய பானையாகப் பார்த்து, உள்ளே கொஞ்சம் பஞ்சு அடைத்தால் அந்த இடி பெருமளவு அடங்கும்.