கப்பலுக்குக் காத்திருந்தவர்கள்: ஃபெலிக்ஸ் ஃபாப்ரியின் 1483 மே மாதக் குறிப்புகளும் வெனிஸ் நகர்ச் சுற்றுலாவின் தொடக்கமும்

வெனிஸ் நகரைச் சுற்றிப் பார்க்கும் வழக்கம் எப்போது தொடங்கியது என்ற கேள்விக்கு ஆய்வுலகில் ஏறத்தாழ முடிந்துபோன விடை ஒன்று வழங்கிவருகிறது. பதினெட்டாம் நூற்றாண்டில் ஆங்கிலப் பிரபு வீட்டுப் பிள்ளைகள் கல்விப் பயணமாக இத்தாலிக்கு வந்து, கனலெத்தோவின் ஓவியங்களை வாங்கிக்கொண்டு ஊர் திரும்பிய காலமே தொடக்கம்; 1846இல் காயலின் குறுக்கே திறக்கப்பட்ட ரயில் பாலம் அதைப் பொதுமக்களுக்கும் உரியதாக்கியது. அதற்கு முன் இந்நகர் வழியாக எருசலேம் சென்ற யாத்ரிகர்களுக்கு இந்த வரலாற்றில் இடமில்லை. அவர்கள் கும்பிட வந்தவர்கள், பார்க்க வந்தவர்களல்லர் என்று சொல்லி ஒதுக்கிவிடுகிறார்கள். இதற்கு முதன்மைச் சான்றாகக் காட்டப்படுவது, உல்ம் நகரத் தொமினிக்கன் சபைத் துறவி ஃபெலிக்ஸ் ஃபாப்ரி தம் இரண்டாம் எருசலேம் பயணத்தின்போது 1483 மே மாதத்தை வெனிஸில் கழித்தது பற்றி எழுதிய பகுதி. அதே பகுதி எதிர்முடிவுக்கே நம்மை இட்டுச்செல்கிறது என்பது என் வாசிப்பு.

பகுதியின் அமைப்பை முதலில் பார்த்துவிடலாம். இன்ன தேதி, இன்ன ஆலயம், அங்கே இன்ன புனிதரின் திருப்பண்டம் என்று குறிப்புகள் நகர்கின்றன. அன்றைய வெனிஸில் திருப்பண்டங்களுக்குப் பஞ்சமில்லை. தனித் தீவொன்றில் புனித எலேனாவின் உடல், பெருங்கால்வாயின் கரையில் புனித லூசியாவின் உடல், புனித மாற்கு சதுக்கத்துக்கு எதிர்க்கரையில் புனித ஜார்ஜியாரின் மடாலயம் என்று ஒரு மாதம் போதாத அளவுக்கு இருந்தன. ஃபாப்ரியும் இந்த அலைச்சலை வெனிஸுக்குள் செய்த திருயாத்திரை என்றே எழுதுகிறார். தலைப்புகளை மட்டும் வரிசையாகப் படிப்பவருக்கு இது ஞானப்பலன் தேடி அலைந்த ஒரு துறவியின் கணக்கேடாகத் தோன்றுவதில் வியப்பில்லை. இதுவரை வந்த வாசிப்பு அந்தத் தலைப்புகளோடு நின்றுவிட்டது என்றே எண்ணுகிறேன்.

ஏனெனில் இந்த உலாக்களுக்கு ஃபாப்ரியே கூறும் காரணம் வேறு. கப்பல் புறப்படவில்லை, கையில் நாள்கள் கிடக்கின்றன, யாத்ரிகர்கள் அவற்றை வீணே கழிக்கக்கூடாது. ஆகவே நாளுக்கொரு கோயில் என்று ஏற்பாடாகிறது. ஏற்பாடு அவருக்காக மட்டும் செய்யப்பட்டதும் அன்று. ஸிம்மெர்ன், ஸ்டோஃபெல், ரெக்பெர்க், வால்ட்புர்க் ஆகிய நான்கு பிரபுக் குடும்பங்களின் ஆண்கள் உடன் வந்திருக்கிறார்கள். அவர்களுக்கு ஆன்மகுருவாகவே இவர் வந்திருக்கிறார். 1480இல் முதல் முறை எருசலேம் சென்றபோதே வெனிஸைக் கண்டவர். கூட்டத்தில் ஊர் தெரிந்த ஆள் இவர். யாரை எங்கே எந்த நாளில் அழைத்துப் போவது என்று தீர்மானிக்கும் இடத்தில் இருந்த ஒருவர், தம்மிடம் ஒப்படைக்கப்பட்ட இளம் பிரபுக்களின் பொழுதை எப்படிச் செலவிட்டேன் என்று எழுதுகிறார். அந்த எழுத்தைத் தனியொருவரின் பக்திக் குறிப்பாக மட்டும் படிப்பது போதாது.

காத்திருப்பு எப்படி வந்தது என்பதில்தான் வாதத்தின் உயிர் இருக்கிறது. ஃபாப்ரியின் கூட்டம் ஏப்ரல் கடைசியில் வெனிஸை அடைந்து, ஜெர்மானியர் நடத்திய புனித ஜார்ஜ் விடுதியில் இறங்குகிறது. அங்கே இருந்த கறுப்பு நாய் ஜெர்மானியர்களைக் கண்டால் வாலாட்டி வரவேற்கும், இத்தாலியர்களைக் கண்டால் குரைத்துப் பாயும் என்று அவர் மெனக்கெட்டு எழுதுகிறார். (பக்திக் கணக்கேட்டில் இந்த நாய்க்கு என்ன வேலை என்று மேற்சொன்ன ஆய்வாளர்கள் கேட்டிருக்கலாம்.) பிறகு புனித மாற்கு ஆலய வாசலுக்கு வருகிறார்கள். வெள்ளைத் துணியில் செஞ்சிலுவை பொறித்த இரண்டு கொடிகள் உயர்ந்த ஈட்டிகளில் பறக்கின்றன. ஒன்று பியெத்ரோ லாந்தோ என்ற கப்பல் தலைவருடையது. மற்றது அகொஸ்தினோ கொந்தாரினியுடையது. கொடிகளின் கீழே இருவருடைய ஆட்களும் நின்று, வருகிற யாத்ரிகரைத் தத்தம் கப்பலுக்கு இழுக்கிறார்கள். போட்டியாளரை வாய்க்கு வந்தபடி ஏசுகிறார்கள். கப்பலைப் பார்க்க வந்தவர்களுக்குக் கிரீட் தீவின் திராட்சை மதுவும் அலெக்சாந்திரியாவின் இனிப்புகளும் கொடுத்து உபசாரம் நடக்கிறது. 1480இல் கொந்தாரினியின் கப்பலில் போன அனுபவம் ஃபாப்ரிக்கு உண்டு. இம்முறை பெரிய கப்பலான லாந்தோவினுடையதைத் தேர்கிறார்கள்.

எழுதிக்கொண்ட ஒப்பந்தத்தில், 14 நாள்களுக்குள் புறப்பட வேண்டும் என்பது ஒரு நிபந்தனை. கப்பல் கிளம்பியதோ ஜூன் தொடக்கத்தில். பயண நூல்களில் வழக்கமாகக் காணும் தாமதப் புலம்பலாக இதை எடுத்துக்கொண்டு கடந்துபோகிறார்கள். நான் நாட்காட்டியைக் கணக்கிட்டுப் பார்த்தேன். 1483இல் உயிர்த்த ஞாயிறு மார்ச் 30. எனவே விண்ணேற்றத் திருநாள் மே 8, நற்கருணைத் திருநாள் மே 29. முன்னது வெனிஸின் ஆட்சித் தலைவரான டோஜே பொற்படகேறிக் கடலை மணக்கும் நாள். அதையொட்டியே நகரின் பெரிய சந்தையும் கூடும். பின்னது புனித மாற்கு சதுக்கத்தில் நற்கருணைப் பவனி செல்லும் நாள். பதினோரு ஆண்டுகள் கழித்து, 1494இல், மிலான் நகரக் குருவான பியெத்ரோ கசோலா அதே கொந்தாரினியின் கப்பலில் எருசலேம் போகிறார். அந்த ஆண்டும் உயிர்த்த ஞாயிறு மார்ச் 30, நற்கருணைத் திருநாள் மே 29. அந்தக் கப்பலும் ஜூன் முதல் வாரத்தில் புறப்படுகிறது. இரு கப்பல்களும் பவனி முடிந்த ஒரு வாரத்துக்குள் நங்கூரம் எடுக்கின்றன.

இரண்டு ஆண்டுகளை வைத்து விதி வகுக்க முடியாது என்பதை அறிவேன். காற்றும் சரக்கேற்றமும் கப்பல் பழுதும் காரணமாக இருந்திருக்கலாம். ஆயினும் பவனியைக் கசோலா விவரிப்பதைப் பார்த்தால், கப்பல்கள் அதற்காகவே நிறுத்திவைக்கப்பட்டனவோ என்ற சந்தேகம் வலுக்கிறது. யாத்ரிகர் ஒவ்வொருவர் கையிலும் எரியும் மெழுகுதிரி கொடுத்து, ஒவ்வொருவரையும் ஒரு வெனிஸ் கனவானோடு இணைத்து நடக்க வைத்தார்கள் என்கிறார் அவர். ஐரோப்பாவின் பல நாட்டு ஆள்களும் தன் மேட்டுக்குடியினரோடு இணையாக நடந்து வருவதை நகரம் தன் மக்களுக்கும் அயல்நாட்டுத் தூதர்களுக்கும் காட்டிக்கொள்கிறது. பவனிக்கு முன்பே கப்பலை அனுப்பிவிட அந்த நகரத்துக்கு என்ன அவசரம்? அதுவரை யாத்ரிகர் விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் படகுக்கும் நாணய மாற்றுக்கும், கப்பலில் வேண்டிய மெத்தைக்கும் பாத்திரத்துக்கும் செலவழித்துக்கொண்டே இருப்பார்கள். காத்திருப்பு நகரத்துக்கு வருமானம். அந்த வருமானம் ஈட்டும் நாள்களுக்கு உருவம் கொடுத்தது நாளொரு உலா.

முரானோ தீவுக் குறிப்பை இந்த வெளிச்சத்தில் படிக்க வேண்டும். அங்கே ஆலயமும் உண்டு, ஃபாப்ரியின் சபையாருக்கு மடமும் உண்டு. போவதற்கு அது போதும். ஆனால் போனவர்கள் கண்ணாடி உலைகளுக்கும் போகிறார்கள். உலகில் வேறெங்கும் இப்படிப்பட்ட கண்ணாடி வேலை இல்லை என்று துறவி வியக்கிறார். கண்ணாடிக் குவளையைப் பார்த்தால் ஞானப்பலன் கிடைக்காது. இந்த ஓரிடத்தை இடைச்செருகல் என்றும், சலித்த மனதின் சிறு ஓய்வு என்றும் கூறித் தப்புகிறவர்கள், படகுப் பயணத்தின் இயல்பை மறந்துவிடுகிறார்கள். தீவுக்குப் போக ஒருமுறை படகு பேசியாயிற்று. ஒரே துறையில் இறங்கி, கோயிலையும் உலையையும் கண்டு, பொழுது சாய்வதற்குள் திரும்பலாம். கோயில் அன்றைய பயணத்துக்கு நியாயம் தருகிறது. படகு அதன் எல்லையை வரைகிறது. உலை அதன் சுவையைக் கூட்டுகிறது. மூன்றும் ஒரே கட்டணத்தில் அடங்கும். இன்று முரானோவுக்குப் படகேறுகிறவரின் அரைநாள் திட்டமும் இதுதான்; கோயிலும் உலையும் முன்பின் மாறியிருக்கின்றன, அவ்வளவே.

ஃபாப்ரியின் பக்தி வேடம் என்று நான் கூறவில்லை. அப்படிக் கூறும் இன்னொரு ஆய்வுப் போக்கும் உண்டு. ஒவ்வொரு யாத்ரிகரின் அங்கிக்குள்ளும் ஒரு வேடிக்கை பார்ப்பவர் ஒளிந்திருப்பதாக அது கருதுகிறது. அதுவும் எனக்கு உடன்பாடில்லை. இரு தரப்பாரும் மனநிலையைத் தேடுகிறார்கள். சுற்றுலா என்பது ஒரு நாளை அமைக்கும் முறை. அதில் போகிறவர் உள்ளத்தில் என்ன இருந்தது என்பது வேறு கேள்வி.

கசோலாவின் சாட்சியத்தில் இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. மிலானின் தூதரோடு சேர்ந்து, தொல்ஃபின் என்ற பிரபுக் குடும்பத்தில் குழந்தை பெற்றிருந்த பெண்ணின் அறையைப் பார்க்க அவரை அழைத்துச் செல்கிறார்கள். பளிங்கால் செய்த கணப்பையும் பொன் வேலைப்பாட்டையும் அலங்காரத்தின் விலைமதிப்பையும் அவர் எழுதுகிறார். அந்த அறையில் திருப்பண்டம் எதுவும் இல்லை. பிள்ளை பெற்ற வீட்டைக்கூட விருந்தினர் பார்வைக்குத் திறந்துவைத்து, அதன் வழியே தன் செல்வத்தை அறிவிக்கும் நகரம் அது.

அரசும் ஒதுங்கி நிற்கவில்லை. யாத்ரிகருக்கு உதவ அது நியமித்த தொலொமாரி என்ற வழிகாட்டிகள் புனித மாற்கு சதுக்கத்திலும் ரியால்தோவிலும் நின்றார்கள். நாணயம் மாற்றுவது, பொருள் வாங்குவது, கப்பல் தலைவரோடு பேசுவது ஆகியவற்றில் துணைபுரிந்தார்கள். அவர்களைக் கண்காணிக்கும் பொறுப்பு கத்தாவேரி என்ற அதிகாரிகளுடையது. உரிமம் பெற்ற வழிகாட்டியை அரசு நிறுத்திவைத்திருக்கும் ஊரில் சுற்றுலா என்ற ஏற்பாடு இன்னும் பிறக்கவில்லை என்று வாதிடுவது கடினம். அக்காலத்தில் அந்தச் சொல் இல்லையே என்ற ஆட்சேபத்தை நான் பொருட்படுத்தவில்லை. சொல் பிறக்கும் முன்பே பொருள் இருந்ததற்கு வரலாற்றில் உதாரணம் தேடி அலைய வேண்டியதில்லை. எண்ணிக்கை சிறிது என்பதும் பதிலாகாது. கல்விப் பயணம் வந்த பிரபு வீட்டுப் பிள்ளைகள் மட்டும் பெருந்திரளா?

அடுத்து வந்தவற்றைச் சுருக்கமாகவே கூறுகிறேன். 1490களில் மரின் சனூடோ தம் நகரைப் பற்றி எழுதிய நூலில், வருகை தரும் பெரிய மனிதர்களுக்குக் காட்டும் இடங்களைப் பட்டியலிடுகிறார். புனித மாற்கு ஆலயத்தின் கருவூலம், கப்பல் கட்டும் தளம், முரானோவின் கண்ணாடி ஆகியவை அதில் வருகின்றன. 1561இல் ஃபிரான்செஸ்கோ சன்சொவினோ வெனிஸின் குறிப்பிடத்தக்கவற்றைப் பற்றி எழுதிய நூல், ஒரு வெனிஸ்காரரும் ஓர் அயலூராரும் உரையாடுவதாக அமைந்தது. கேட்கும் அயலூராருக்கு எருசலேம் கப்பல் தேவைப்படவில்லை. யாத்ரிகர் வணிகம் பதினாறாம் நூற்றாண்டில் நலிந்துபோனது. அதற்காக அமைந்த நாள்முறை நலியவில்லை. பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கில இளைஞர்கள் வந்தபோது வழிகாட்டியும் படகும் பார்க்கவேண்டியவற்றின் வரிசையும் அவர்களுக்காகப் புதிதாகக் கண்டுபிடிக்கப்படவில்லை.

ஆகவே வெனிஸ் சுற்றுலாவின் வரலாற்றை ஆங்கிலேயரின் கடிதங்களிலிருந்து தொடங்குவதைக் கைவிட வேண்டும். யாத்ரிகரின் நாள்குறிப்புகளை, கத்தாவேரி அதிகாரிகளின் ஆவணங்களோடும் கப்பல் ஒப்பந்தங்களோடும் திருநாள் நாட்காட்டியோடும் பக்கத்தில் பக்கமாக வைத்து, ஆண்டு ஆண்டாகப் படிக்க இளம் ஆய்வாளர்கள் முன்வர வேண்டும். பவனிக்கு முன்பே புறப்பட்ட யாத்ரிகர் கப்பல்கள் கணிசமாகக் கிடைத்தால் என் வாதத்தின் ஒரு பாதி விழும். முரானோ உலை அப்போதும் நிற்கும்.