கப்பல் ஏட்டில் ஒரு பெயர்

ஓசூரிலிருந்து எத்திசையில் சென்றாலும் கடல் தொலைவுதான். சென்னைத் துறைமுகத்திற்கே ஏறத்தாழ 300 கிலோமீட்டர். ஆயினும் 1970களில் இங்குச் சிப்காட் தொழிற்பேட்டை எழுந்த பின்னர் வேலை தேடி வந்து குடியமர்ந்தோருள் கடற்கரை ஊர்களின் முஸ்லிம் குடும்பங்களும் உண்டு. அத்தகைய ஓர் இல்லத்தில், தகரப் பெட்டியின் அடியில் மடித்து வைக்கப்பட்டிருந்த ஒரு தாளைக் காணும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. 1925-ஆம் ஆண்டில் ஒரு மாலுமிக்கு வழங்கப்பெற்ற பணிவிடுப்புச் சான்று அது. கப்பலின் பெயர், அதன் பதிவெண், பதிவுத் துறைமுகம், மாலுமியின் வயது, பணி, நடத்தை பற்றிய முத்திரை ஆகியன இருந்தன. பிறந்த இடம் ‘மதராஸ்’ என்றிருந்தது. தந்தையின் பெயர் இல்லை. அவருடைய பெயரோ நம்மவருள் ஆயிரம் பேருக்கு உரிய பெயர். “இவர்தாம் எங்கள் பாட்டனார் என்று எவ்வாறு உறுதி செய்வது?” என்று அக்குடும்பத்தார் கேட்டனர்.

இத்தகைய தேடலில் இறங்குவோர் முதலில் நாடுவது மக்கள்தொகைக் கணக்கெடுப்பை. இங்கேதான் பெரும் ஏமாற்றம் காத்திருக்கிறது. இந்தியாவில் முதற் கணக்கெடுப்பு 1871-72-இல் நிகழ்ந்தது. நாடெங்கும் ஒரே நேரத்தில் எடுக்கப்பட்டது 1881-இல். வீடு வீடாக எழுதப்பட்ட பட்டிகள், எண்களைத் தொகுத்து முடித்தபின் பேணப்படவில்லை. 1948-ஆம் ஆண்டின் கணக்கெடுப்புச் சட்டத்தின் 15-ஆம் பிரிவோ தனிமனிதர் பற்றிய குறிப்பேடுகளை எவரும் பார்வையிட இயலாதவாறு காக்கிறது. ஆகவே நமக்கு எஞ்சியவை எண்களே. 1901-ஆம் ஆண்டின் சென்னை மாகாண அறிக்கை லெப்பை, மரக்காயர் எனப் பிரித்துப் பேசுகிறது. எந்த வட்டத்தில் எத்தொழிலினர் மிகுதி என்பதை அத்தகைய அறிக்கைகள் கொண்டு ஊகிக்கலாம். பாட்டனாரைக் காண இயலாது. கிருஷ்ணகிரி, ஓசூர் வட்டத்தார் ஒன்றை நினைவிற்கொள்ள வேண்டும். 1965-இல் தருமபுரி மாவட்டம் பிரியும்வரை இவ்வட்டங்கள் சேலம் மாவட்டத்தில் இருந்தன. கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004-இல்தான். பழைய ஆவணங்களில் கிருஷ்ணகிரி மாவட்டத்தைத் தேடுவோர் வெறுங்கையுடன்தான் திரும்புவர்.

பிரித்தானியக் கணக்கெடுப்பின் நிலை வேறு. அங்கே வீட்டுப் பட்டிகள் பெயர்களோடு பாதுகாக்கப்பட்டன. கணக்கெடுப்பு இரவில் துறைமுகத்தில் நின்ற கப்பல்களுக்கும் தனிப்பட்டி உண்டு. எனவே 1881 ஏப்ரல் 3-ஆம் நாள் இரவு இலண்டன் துறையில் நங்கூரமிட்டிருந்த கப்பலில் பணியாற்றிய ‘லஸ்கர்’ எனும் ஆசிய மாலுமி, தம் தாயகத்தில் பெயரற்ற எண்ணாகவும், அயல்நாட்டில் பெயருடைய மனிதராகவும் பதிவாகியிருக்கக்கூடும். இது வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று. 1921-ஆம் ஆண்டின் இங்கிலாந்து, வேல்ஸ் பட்டிகள் 2022-இல் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டன. 1931-இன் பட்டிகள் 1942-இல் தீக்கிரையாயின.

எனினும் மாலுமியின் மெய்யான ஏடு கப்பலின் பணியாளர் ஒப்பந்தப் பட்டியலே. ஒவ்வொரு பயணத்திற்கும் பெயர், வயது, பிறந்த இடம், முந்திய கப்பல், பணி, சேர்ந்த நாள், நீங்கிய நாள் என வரிசையாக எழுதுவர். இவ்வேடுகள் இன்று சிதறிக் கிடக்கின்றன. 1863 முதல் 1938 வரையிலானவற்றில் ஏறத்தாழ 70 விழுக்காடு கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் உள்ள மெமோரியல் பல்கலைக்கழகத்தின் கடல்சார் வரலாற்றுக் காப்பகத்தில் இருக்கிறது. பத்தில் ஒரு பங்கு இலண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில். ஐந்தில் முடியும் ஆண்டுகளின் ஏடுகளில் பெரும்பகுதி கிரீனிச் கடல்சார் அருங்காட்சியகத்தில். நம் ஓசூர்த் தாள் 1925-க்குரியது. எனவே கிரீனிச்சிற்கு எழுதுவதே முறை. கப்பலின் பெயரைக் காட்டிலும் அதன் பதிவெண் இன்றியமையாதது. ஒரே பெயரில் பல கப்பல்கள் ஓடின, எண் மட்டும் ஒன்றே. அடுக்குகளும் எண் வரிசையில்தான் அமைந்துள்ளன. 1915-ஆம் ஆண்டின் ஏடுகளைத் தொண்டர்கள் படியெடுத்து, ஏழரை இலட்சத்திற்கும் மேற்பட்ட பெயர்களைக் கணினியில் தேடும் வகை செய்துள்ளனர்.

ஆனால் ஆசிய மாலுமிகளுக்குத் தனி ஒப்பந்தம் இருந்தமையால் முதன்மைப் பட்டியலில் அவர்கள் பெயர் இல்லாமற்போவதும் உண்டு. பெயர் இருந்தாலும் ஆங்கில எழுத்தர் செவியில் விழுந்தவாறே அமைந்திருக்கும். காதர் ஒரு தாளில் ஒருவகையாகவும் மறுதாளில் வேறுவகையாகவும் காணப்படுவார். இங்கே துணை நிற்பது பணிப்பெயர். சாரங்கு, தண்டேல், சுக்கானி, பண்டாரி என்பன ஏடுதோறும் பெரிதும் மாறாமல் வருகின்றன. சாரங்கு பாரசீகத்தின் ‘ஸர்ஹங்க்’, சுக்கான் அரபு, மாலுமி எனும் நம் சொல்லே அரபின் ‘முஅல்லிம்’ ஆசிரியரன்றி வேறல்லர். ஒரு சாரங்கின்கீழ்ப் பணிபுரிந்தோர் பெரும்பாலும் அவர் திரட்டிய ஊரினரும் உறவினருமே. ஆதலால் பாட்டனாரின் ஊர் அறியாவிடினும் அவருக்கு மேலும் கீழும் எழுதப்பட்ட பெயர்களைப் படிப்பது பயன்தரும். இதைப் பலர் செய்வதில்லை.

கடலில் மறைந்தோருக்கு வேறு ஏடுகள் உண்டு. முதல் உலகப் போரில் இறந்த 2,000-க்கும் மேற்பட்ட இந்திய மாலுமிகள் மும்பை நினைவுச் சின்னத்தில் போற்றப்படுகின்றனர். இரண்டாம் உலகப் போரில் உயிரிழந்த, இந்திய வணிகக் கப்பல்களைச் சேர்ந்த ஏறத்தாழ 6,000 பேரின் பெயர்கள் மும்பை, சிட்டகாங் நினைவேடுகளில் உள்ளன. இவற்றுள் பலவற்றில் தந்தை, மனைவி, ஊர் பெயர்கள் காணப்படுகின்றன. கணவன் காணாமற்போன பெண்ணின் இத்தாவும் மறுமணமும், பிள்ளைகளின் பாகப்பிரிவினையும் ‘மஃப்கூத்’ எனும் ஃபிக்ஹுச் சிக்கலில் நின்ற காலம் அது. நான்காண்டு தகவலின்றிப் போன கணவனிடமிருந்து மணவிலக்குக் கோர 1939-ஆம் ஆண்டுச் சட்டம் வழிவகுத்தது. கப்பல் மூழ்கிய நாள் அக்குடும்பங்களுக்கு வெறும் வரலாற்றுச் செய்தி அன்று.

கடலறியாக் கிருஷ்ணகிரிக்குக் கப்பல் ஏட்டில் இடமே இல்லையா? 1796-இல் திப்பு சுல்தான் 40 போர்க்கப்பல்கள் கட்டத் திட்டமிட்டபோது ஓசூர் அவர் ஆட்சியில் இருந்தது. கிருஷ்ணகிரியை உள்ளடக்கிய பாராமகால் 1792-இலேயே கைமாறியிருந்தது. அக்கடற்படையில் தம் முன்னோர் பணிபுரிந்ததாகக் கூறுவோர், ஆணை வேறு, பெயர்ப்பட்டியல் வேறு என்பதை மறவாதிருத்தல் நன்று. உறுதியான சான்று வேறிடத்தில் உள்ளது. 1860 முதல் 1911 வரை தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு 1,52,184 பேர் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறினர். முதற்கப்பலான ‘டுரூரோ’ சென்னையிலிருந்தே புறப்பட்டது. சேலம் மாவட்டத்தாரும் அவர்களுள் உண்டு. அப்பட்டியலில் எண், பெயர், தந்தை பெயர், வயது, உயரம், மாவட்டம், வட்டம், ஊர், உடல் தழும்பு என யாவும் உள. கூலி தப்பியோடினால் பிடிக்க வேண்டுமே என்ற கவலை ஆட்சியாளரை இத்துணைக் கவனமாக எழுதவைத்தது. கப்பலைச் செலுத்திய மாலுமியின் தந்தையை எழுத ஒரு கட்டமும் ஒதுக்காதவர்கள், கப்பலில் ஏற்றப்பட்ட கூலியின் தந்தையை எழுதிவைத்தனர்.

வளர்ப்புப் பிள்ளைகளையும் அவர்தம் தந்தையர் பெயராலேயே அழைக்குமாறு அல்அஹ்ஸாப் அத்தியாயம் பணிக்கிறது. நஸபைப் பேணிய சமுதாயத்தின் ஏடு, கப்பலேட்டில் விடுபட்டதை நிரப்பவேண்டும். அது பள்ளிவாசலின் நிக்காஹ் பதிவேடு. மணமகன், தந்தை, வலீ, சாட்சிகள் ஆகியோர் அதில் இருப்பர். ‘கப்பலில் பணி’ என்றொரு குறிப்பும் சில நேரம் இருக்கும். கிரீனிச் தாள் குளிர்ப்பதன அறையில் பத்திரமாக இருக்கிறது. நம் பதிவேடுகளோ பல ஊர்களில் மரப்பீரோவில் கறையானோடு போராடுகின்றன.

ஓசூர் அன்பர் சென்ற ரமலானுக்குப் பின் தம் பூர்விக ஊருக்குச் சென்று ஜமாஅத் அலுவலகத்தில் 1920களின் பதிவேட்டைக் கேட்டார். இரண்டு தொகுதிகள் கிடைத்தன. மூன்றாவதன் முற்பகுதி உதிர்ந்துவிட்டது. இரண்டாம் தொகுதியில் அதே பெயர், கணக்கிட்டால் அதே வயது, அதனருகே தந்தையின் பெயர். அவர் கைப்பேசியில் படமெடுத்துக்கொண்டார். கிரீனிச்சிற்கு எழுதிய கடிதத்திற்கு மறுமொழி இன்னும் வரவில்லை.