தோள்பட்டையின் பிறவிக் குறைபாடுகள்

தோள்பட்டை எலும்பு, காறை எலும்பு, தோள்மூட்டு, அவற்றை இயக்கும் தசைகள் ஆகியவை கருவிலேயே சரிவர உருவாகாததால் ஏற்படும் குறைபாடுகள் இவை. பெரும்பாலும் வலி இராது. அதனாலேயே பல குழந்தைகளிடம் தாமதமாகவே தெரியவருகின்றன.

வகைகள்

இவற்றுள் அதிகம் காணப்படுவது ஸ்பிரெங்கல் குறைபாடு. கருவின் 5ஆம் வாரத்தில் கழுத்தருகே தோன்றும் தோள்பட்டை எலும்பு, 12ஆம் வாரத்துக்குள் முதுகின் மேற்பகுதிக்கு இறங்கிவிட வேண்டும். இறங்காமல் நின்றுவிட்டால் ஒரு தோள் உயர்ந்தும் எலும்பு சிறுத்தும் இருக்கும். கையை முழுமையாகத் தூக்க வராது. சிலருக்கு அந்த எலும்பையும் கழுத்து முள்ளெலும்பையும் பிணைக்கும் கூடுதல் எலும்பும் உண்டு. ஜெர்மன் அறுவை மருத்துவர் ஓட்டோ ஸ்பிரெங்கல் 1891இல் இதை விவரித்தார். கிரகணத்தாலோ பிள்ளையைத் தூக்கிய விதத்தாலோ இது வருவதில்லை.

காறை எலும்பு நடுவில் இணையாதிருப்பது பெரும்பாலும் வலப்புறத்தில் காணப்படும். காறை எலும்பே இல்லாமலோ குறையாகவோ இருப்பதற்குப் பெரும்பாலும் ரன்க்ஸ்2 மரபணு மாற்றம் காரணம். போலண்ட் நோய்க்குறியில் ஒருபக்க மார்புத்தசை குறைந்தோ இல்லாமலோ இருக்கும்.

கண்டறிதல்

எக்ஸ்ரே முதற்படி. ஸ்பிரெங்கல் குறைபாட்டில் கூடுதல் எலும்பைக் காண சி.டி. ஸ்கேன் உதவும். கழுத்தெலும்புகள் ஒட்டியிருத்தல், முதுகு வளைவு, சிறுநீரகக் குறை ஆகியவை உடனிருக்கக்கூடும் என்பதால் அவற்றையும் சோதிப்பர். பிரசவத்தில் நரம்பு இழுபட்டு வரும் எர்ப் வாதம் வேறு. அதில் கை தளர்ந்து தொங்கும்.

சிகிச்சை

மருத்துவர் காவெண்டிஷ் 1972இல் வகுத்த நான்கு படிநிலைகள் ஸ்பிரெங்கல் குறைபாட்டின் அளவைச் சொல்லும். லேசானதற்கு இயன்முறைப் பயிற்சி போதும். கடுமையானதற்கு, 1961இல் வெளியான உட்வர்ட் முறைப்படி, தசைகளின் பிடிமானத்தைக் கீழே மாற்றித் தைத்து எலும்பை இறக்குவர். 3 முதல் 8 வயது வரை இதற்கு ஏற்ற காலம். வயது கூடினால் கைக்குச் செல்லும் நரம்புகள் அழுந்தும் ஆபத்து மிகும்.

தமிழகத்தில்

2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் குழுக்கள் அங்கன்வாடிகளிலும் அரசுப் பள்ளிகளிலும் குழந்தைகளைப் பரிசோதிக்கின்றன. அத்திட்டத்தின் பிறவிக் குறைபாட்டுப் பட்டியலில் வளைபாதமும் இடுப்புமூட்டு விலகலும் உண்டு. தோள்பட்டை தனியாக இல்லை. ஆகவே முதலில் கவனிக்க வேண்டியவர்கள் பெற்றோரும் அங்கன்வாடிப் பணியாளரும்தான். எடுத்துக்காட்டாக, திருவண்ணாமலை மலையைச் சுற்றும் கிரிவலப் பாதையிலுள்ள அடி அண்ணாமலை போன்ற ஊர்களுக்குத் திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை அருகில் உள்ளது. குழந்தைகளுக்கான எலும்பு அறுவை சிகிச்சைப் பிரிவு வேலூர் சி.எம்.சி.யில் இயங்குகிறது. குளிப்பாட்டும்போது தோள்கள் சமமாக இல்லையென்றாலோ, ஒரு கை தலைக்கு மேல் எழவில்லையென்றாலோ, பள்ளி வயதுவரை காத்திராமல் எலும்பு மருத்துவரிடம் காட்ட வேண்டும்.